எண்ணெய்ப் பாக்கெட்டை எண்ணுங்கள்: 91 கிலோவிலிருந்து 76க்கு

குனிந்து ஷூ லேஸ் கட்டினால் மூச்சு முட்ட ஆரம்பித்தபோது எனக்கு 43 வயது. காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக் கட்டப் பழகினேன். சில மாதங்களில் அதுவும் சிரமமாகிவிட, லேஸ் இல்லாத ஷூவுக்கு மாறினேன். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, "இன்னும் 36 இன்ச்தான்" என்று வேறு சொல்லித் திரிந்தேன். அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் குட்டு வெளிப்பட்டது. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 91 கிலோ, சர்க்கரை எப்படி இருக்கிறது என்று காட்டும் ஹெச்பிஏ1சி 6.3.

பதினான்கு மாதத்தில் அந்த 91, 76 ஆனது. நான் டாக்டரும் இல்லை, ஜிம் ட்ரெயினரும் இல்லை. மதுரையில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். வீட்டில் அம்மா, மனைவி, பையன், நான். நாலு பேருக்கும் ஒரே உலை, ஒரே குழம்பு. அதை வைத்துக்கொண்டே எப்படிக் குறைத்தேன் என்பதை, இன்றைக்குத் தொடங்க நினைக்கிற ஒருவருக்குச் சொல்வது போல எழுதுகிறேன்.

என்னுடைய முதல் முயற்சி படுதோல்வி. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு டப்பா பவுடர் வாங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் கலக்கிக் குடித்தேன். சோற்றையும் அடியோடு நிறுத்தினேன். 18 நாளில் 4 கிலோ குறைந்தது, தலைகால் புரியவில்லை. பத்தொன்பதாம் நாள் உறவில் ஒரு காதுகுத்து. பிரியாணி. ஒரே மாதத்தில் அந்த 4 கிலோவும் திரும்பி வந்தது, துணைக்கு இன்னும் ஒரு கிலோவை அழைத்துக்கொண்டு. பின்னால்தான் புரிந்தது, குறைந்ததில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு மாவுச்சத்தை கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. சோற்றை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி சாப்பிட்டால் ஏறிவிடும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் மற்றது

வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ரத்த அழுத்தம். இவ்வளவையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஹெச்பிஏ1சி என்பது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற சோதனை. முந்தின நாள் பத்தியமாக இருந்து அதை ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசல்படி, 6.5 ஆகிவிட்டால் உள்ளே நுழைந்துவிட்டோம். நான் வாசல்படியின் உள்விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கக் காசு செலவழிக்கக்கூட வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு பழையபடியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். எடை குறைக்கும் ஊசி பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அதுவும் டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து, வாட்ஸ்அப்பில் விசாரித்துப் போட்டுக்கொள்வதல்ல.

அடுத்து இடுப்பை அளக்க வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபிறகு பாருங்கள். வயிற்றை எக்கினால் உங்களையே ஏமாற்றிக்கொள்வதுதான் மிச்சம். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. '36 இன்ச்' என்று சொல்லிக்கொண்டிருந்த என் இடுப்பு 108 சென்டிமீட்டர், அதாவது நாற்பத்திரண்டரை இன்ச். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கிலும் இந்தியர்களுக்கு அளவுகோல் கொஞ்சம் கடுமை: 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25ஐத் தொட்டால் உடற்பருமன். குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதுதான் காரணம்.

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வாயில் போடுவதை எல்லாம் ஏழு நாள் எழுதுங்கள். குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். என் நோட்டில் புதன்கிழமை இப்படி இருந்தது: காலை 6.30க்கு காபி, 8.30க்கு தோசை 4, 11 மணிக்கு டீ, வடை 2, மதியம் சாப்பாடு, 4 மணிக்கு டீ, சம்சா 1, 6.30க்கு டீ, 8 மணிக்கு பையன் மிச்சம் வைத்த மிக்சர், 9.45க்கு புரோட்டா 3, சால்னா.

படித்துப் பார்த்தபோதுதான், எனக்கு எதிரி மதியச் சோறு மட்டும் இல்லை என்று தெரிந்தது. காபி, டீ சேர்த்து ஒரு நாளைக்கு நாலு. ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 10 கிராம், ஆக 40 கிராம். உலக சுகாதார நிறுவனம், முடிந்தால் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நான் இனிப்பே தொடுவதில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன்!

டீயை நிறுத்தவில்லை. டீக்கடைக்குப் போவது டீ குடிக்க மட்டுமா? நாலை இரண்டாக்கினேன். "மாஸ்டர், சீனி கம்மி" என்று இரண்டு வாரம், பிறகு "சீனி இல்லாம" என்று. முதல் பத்து நாள் கஷாயம் போலத்தான் இருந்தது. இப்போது யாராவது சீனி போட்டுக் கொடுத்தால் பாயசம் போல இருக்கிறது. வெல்லம், கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்க்காதீர்கள், கலோரிக் கணக்கில் எல்லாம் அண்ணன் தம்பிதான்.

எண்ணெய்க் கணக்கு

எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பொரியலிலும் எத்தனை கிராம் எண்ணெய் என்று யாராலும் பார்க்க முடியாது. ஆனால் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குகிறோம் என்பது மளிகைச் சீட்டிலேயே இருக்கும். எங்கள் வீட்டுக்கு 5 லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். 5 லிட்டரை 30 நாளுக்கும் நாலு பேருக்கும் பங்கு போட்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பாட்டுக்கு 27 கிராம்தான் எண்ணெய். நான் கடையில் தின்ற வடையும் புரோட்டாவும் அந்த 38க்குள் வராது.

இப்போது எங்களுக்கு மாதம் 3 லிட்டர், ஆளுக்கு நாளொன்றுக்கு 23 கிராம் போல. முன்பைவிட 15 கிராம் குறைவு. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்பதால் தினம் 135 கலோரி, யாருக்கும் பசிக்காமலேயே கழிந்துவிட்டது.

எப்படிச் செய்தோம் என்றால், ஒன்றாம் தேதி 3 லிட்டரையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டோம். தூக்கில் இருந்து சட்டியில் அப்படியே சாய்ப்பதை நிறுத்தி, ஸ்பூனால் எடுத்து ஊற்றினோம். தோசைக்கு, அந்தக் காலத்தில் பாட்டி செய்தது போல, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பது. அப்பளத்தைத் தணலில் சுடுவது. பூரி, பஜ்ஜி மாதத்துக்கு ஒரு நாள், அன்றைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. முதல் மாதம் 24ஆம் தேதியே தீர்ந்துபோய் நாலாவது பாக்கெட்டை உடைத்தோம். இரண்டாம் மாதம் 28ஆம் தேதி வரை வந்தது.

மூன்று சோறு

குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று நாம் சாப்பிடுவது ஒரு சாப்பாடு இல்லை, மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறைத் தராசில் தட்டை வைத்து, அம்மா போடப் போட எடை பார்த்தேன். மூன்றும் சேர்ந்து 460 கிராம். 100 கிராம் சோற்றுக்குச் சுமார் 130 கலோரி, ஆக 600 கலோரிக்குச் சோறு மட்டும். பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியல், ஊறுகாயை விடக் கொஞ்சம் அதிகமாக.

சோற்றை 200 கிராமாக்கினேன். குழம்புக்கு ஒரு கரண்டி, மோருக்கு ஒரு கரண்டி. ரசத்துக்குச் சோறு கிடையாது, அதை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுவது. காய் ஒரு கிண்ணம் நிறைய, சோற்றுக்கு முன்னால் பாதிக் காயைத் தின்றுவிட வேண்டும். சாம்பாரை மேலாக எடுக்காமல் அடியில் இருக்கும் பருப்பு வருகிற மாதிரி கலக்கி ஊற்ற வேண்டும்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏம்ப்பா, கோழி கொத்துற மாதிரி சாப்பிட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று ஒரு வாரம் புலம்பினார். நான் வாதாடவில்லை. "சோறு போதும்மா, இன்னும் கொஞ்சம் பொரியல் வைங்க" என்று கேட்டேன். அது வேலை செய்தது. வைக்கிற கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வாரமே வாழைத்தண்டுக் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், முருங்கைக்கீரை என்று வரிசைகட்டியது. உங்கள் வீட்டில் சமைப்பவரை எதிர்த்துக்கொண்டு நீங்கள் இளைக்க முடியாது. சமைப்பவர் நீங்களே என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

புழுங்கலரிசியா, பச்சரிசியா, கம்பா, கேழ்வரகா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், நல்லதுதான். ஆனால் கலோரியில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு கம்பு தோசையை நல்லெண்ணெய் விட்டுத் தின்றால் யாரும் இளைப்பதில்லை.

பசிக்காமல் இருக்க

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மூன்று புரோட்டா தின்றது ருசிக்காக மட்டும் இல்லை. மாலை முழுக்க டீயிலேயே ஓட்டிவிட்டு அகோரப் பசியில் வீட்டுக்கு வந்ததால். இதற்குப் புரதம் உதவியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராமிலிருந்து ஒரு கிராம் வரை தேவை. எனக்கு 60, 70 கிராம் வேண்டும், இட்லி தோசையை நம்பினால் அதில் பாதிதான் தேறும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராமுக்கு மேல். காலையில் நாலு தோசைக்குப் பதில் இரண்டு தோசை, இரண்டு அவித்த முட்டை. மாலை ஐந்தரைக்கு, சம்சா நேரத்தில், வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோன சுண்டல். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். சைவமாக இருந்தால் பருப்பு, பயறு, தயிர், பனீர், சோயா என்று கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லி என்னை நிறையப் பேர் கொள்ளு ரசம் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன், நன்றாகவே இருந்தது. கொள்ளில் புரதம் நிறைய இருக்கிறது, சோற்றின் இடத்தில் கொள்ளு வந்தால் பலன் உண்டு. சோற்றின் மேல் கொள்ளு ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு தட்டு சாப்பிட்டால் பழமொழி காப்பாற்றாது. வெந்நீரில் தேன், எலுமிச்சை எல்லாம் காலையில் தொண்டைக்கு இதமாக இருக்கும், வேறு ஒன்றும் இல்லை.

தெப்பக்குளத்தைச் சுற்றி

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். முதல் நாள் ஒரு சுற்று. முழங்காலுக்குக் கீழே நெருப்பு மாதிரி எரிந்தது, பாதியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்னை மூன்று முறை கடந்து போனார். மூன்றாம் முறை, "மெதுவா நடங்க தம்பி, குளம் எங்கயும் போயிடாது" என்றார்.

முதல் இரண்டு வாரம் 15 நிமிடம் போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். 80, 90 கிலோ உடம்போடு ஓட வேண்டாம். நான் நாலாம் வாரம் ஆர்வக்கோளாறில் ஓடி, வலது முழங்கால் வீங்கி, பத்து நாள் படுத்தேன். நடக்க இடம் இல்லை என்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2023ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. மொட்டை மாடியும் போதும். மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரைக்கு ரொம்ப நல்லது.

நடைக்கு அளவுக்கு மீறிப் பெருமை கொடுக்காதீர்கள். என் எடைக்கு ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 300 கலோரி போல எரியும். அதைச் சரிக்கட்ட ஒரு புரோட்டாவும் சால்னாவும் போதும். எனக்கு அது ஐந்து நிமிட வேலை. நடை முடிந்ததும் எதிர்க்கடையில் வடை தின்கிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துத் தசைக்கு வேலை கொடுங்கள். வாரம் இரண்டு, மூன்று நாள், நாற்காலியில் கையூன்றாமல் பத்து தரம் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை வைத்துப் பத்து தண்டால். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதைத் தடுக்கத்தான் இது.

எடை மெஷினும் 82ம்

வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். தினம் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். முந்தின ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாலே மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், உப்பு பிடித்து வைக்கிற தண்ணீர் அது. பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் இப்படி ஏறி இறங்கும். இடுப்பு அளவு மாதம் ஒருமுறை. நான் குறைத்தது வாரத்துக்குச் சராசரியாக 250 கிராம்தான்.

எட்டாம் மாதம் 82ல் வந்து நின்றது. ஏழு வாரம் அசையவில்லை. வெறுத்துப்போய் மறுபடி தராசை எடுத்துச் சோற்றை எடை பார்த்தால், 200 கிராம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது 290 ஆகியிருந்தது. கரண்டி அதேதான், கூம்பு வளர்ந்திருந்தது. உடம்பு சிறுத்தால் அதற்கு வேண்டிய கலோரியும் குறையும் என்பதும் ஒரு காரணம். பழைய அளவுக்குப் போய், மாலையில் ஒரு சுற்று நடையைக் கூட்டினேன், நகர்ந்தது.

அந்த ஏழு வாரத்தில் எனக்குத் தெம்பு கொடுத்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் அவர்களுக்குச் சொல்லும்படி எடை குறையவில்லை. முள் நகராத வாரத்திலும் உள்ளே வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்த மாதம் பார்த்த ஹெச்பிஏ1சி 5.8.

ஊர் வாய், கல்யாணப் பந்தி

பத்து கிலோ குறைந்ததும் பார்க்கிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, "என்னங்க, சுகரா?" என்று கேட்பார்கள். நம் ஊரில் யாரும் வேண்டுமென்றே இளைக்க மாட்டார்கள் என்பது நம்பிக்கை. "ஆமாங்க, வராம இருக்கத்தான்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அத்தோடு முடியும்.

பந்தியில் பரிமாறுகிறவர் கரண்டியைச் சாய்த்த பிறகு "போதும்" என்றால் பயன் இல்லை, அவர் வருவதற்கு முன்பே இலைக்கு மேலே கையை நீட்டிவிட வேண்டும். இனிப்பு ஒன்று சாப்பிடுங்கள், பிடித்ததை. மறுவேளை பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம், அது இன்னொரு பந்தியில் கொண்டு விடும். ஜிகர்தண்டாவை நான் விட்டுவிடவில்லை. மாதம் ஒன்று, சின்ன டம்ளர், சாப்பிட்ட உடனே இல்லாமல் நடந்து போய்.

குறைந்த 15 கிலோ என்பது 20 லிட்டர் தண்ணீர் கேனில் முக்கால் பங்கு. போன மாதம் கேன் போடுகிற பையன் வராததால் நானே ஒன்றை இரண்டாம் மாடிக்குத் தூக்கிப் போனேன். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியபோது, கிட்டத்தட்ட இவ்வளவையும் ராத்திரி பகலாகக் கட்டிக்கொண்டு அலைந்தோமே என்று இருந்தது.

கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி 5.6, இடுப்பு 93 சென்டிமீட்டர். இன்னும் மூன்று பாக்கி. எடைக்கு 78 என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். முள் அதைத் தாண்டினால், அடுத்த திங்கட்கிழமை முதல் ஏழு நாளுக்கு மறுபடி அந்த நாற்பது பக்க நோட்டு. போன தீபாவளிக்குப் பிறகு ஒருமுறை எடுத்தேன். அதிரசம் என்று மட்டும் பதினொரு இடத்தில் எழுதியிருக்கிறது.